நடுப் பெட்டி

கிறிஸ்மஸ் மரத்தைக் கழற்றி வைப்பதற்காக, போன ஜனவரியின் முதல் சனிக்கிழமை என் மகள் யதுஷா விட்பியிலிருந்து வந்தாள். நாங்கள் திருகோணமலைச் சைவர்கள். அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது "எல்லாற்ற வீட்டிலயும் இருக்கு" என்று அழுது வாங்குவித்த மரம் அது. அவளுக்குக் கல்யாணமாகித் தன் வீட்டில் தனி மரம் வைத்த பிறகும், ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் வரவேற்பறையில் அது ஒவ்வொரு டிசம்பரும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு டிசம்பர் மட்டும் நிற்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் என் மனைவி தவமலர் போயிருந்தாள். முதலாண்டு ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு இந்த முறை யதுஷாவே வந்து மரத்தை நிமிர்த்திவிட்டாள். நிமிர்த்தியவளே கழற்றவும் வந்தாள்.

மருமகன் ஜஸ்ரின் லைற் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றச் சுற்ற அவை அவனைச் சுற்றின. யதுஷா மரத்தை அதன் பெட்டிக்குள் திணித்து, பேஸ்மென்ற் படிக்குக் கீழே உள்ள அலுமாரிக்கு இழுத்துப்போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்தவை ஒரு கணம் யோசித்தன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து அவளுடைய காலடியில் இறங்கின. பிளாஸ்ரிக் பெட்டிகள், கண்ணாடிப் பெட்டிகள், சில்வர்ச் சட்டிகள், இடியப்பம் வந்த தட்டுகள்.

"அப்பா! இதென்ன, கடை போடப் போறியளோ?"

"அது எங்கட இல்லைப் பிள்ளை. ஆக்களின்ர."

"எந்த ஆக்களின்ர?"

"அம்மாவின்ர செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஆக்களின்ர."

அவள் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அது ஒரு வருசத்துக்கு மேலயப்பா. திருப்பிக் குடுத்திருக்கலாம்தானே?"

"வெறுமையாக் குடுக்கேலாது."

"அப்ப எதையாவது போட்டுக் குடுக்கிறது."

"ஆட்டை முடியாமல் செத்த வீட்டிலயிருந்து பலகாரம் போகக்கூடாது. எங்களுக்கே தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. பிறகு என்னத்தைப் போடுறது?"

"அப்ப வெறுமையாவும் குடுக்கேலாது, நிரப்பியும் குடுக்கேலாது."

"ஓம்."

"திஸ் இஸ் நொட் நோர்மல், அப்பா."

ஜஸ்ரின் லைற் வயருக்குள் இருந்தபடியே, "மாமா சொல்லுறது சரிதான். எங்கட அம்மாவும் உப்பிடித்தான்" என்றான். பிறகு யதுஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வயரில் கவனம் செலுத்தினான்.

இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் குசினியும் அதை மீறியதாக நான் அறியேன். வந்த பெட்டி நிறைந்து போக வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமாவது உள்ளே இருக்க வேண்டும். தவம் உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் அடுத்தவர் பெட்டி ஒரு கிழமைக்கு மேல் தங்கியதில்லை. அவளுடைய செத்த வீட்டுக்கு வந்த பெட்டிகள்தான் ஒரு வருடமாக அவள் இல்லாமல் திகைத்துப்போய் நின்றன.

"பொங்கலுக்குத் திரும்ப வருவன்" என்றாள் யதுஷா. "அப்பவும் உது இங்க கிடந்தா, எல்லாம் றீசைக்கிள் புளூ பின்னுக்குள்ள போகும். மரம் எங்க வைக்கிறது? என்ர தலையிலயோ?"

மரத்தை வரவேற்பறை மூலையில் படுக்க வைத்துவிட்டு அவள் குசினியை ஒழுங்குபடுத்தப் போனாள். மேல் அலுமாரியைத் திறந்ததும் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது.

"உதென்ன ஓடுது?"

"அம்மாவின்ர கண்ணாடிப் பெட்டிச் செற். மூண்டு. பெரிசுக்குள்ள நடுவானது, நடுவானதுக்குள்ள சின்னது. இப்ப நடுவானது இல்லை. அதுதான் சின்னது ஓடித் திரியுது."

"எங்க நடுவானது?"

"அம்மா ஆருக்கோ ஊறுகாய் போட்டுக் குடுத்தவ. ஆரெண்டு தெரியாது."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின கிழமை, தவம் தேசிக்காய் ஊறுகாயை அந்தப் பெட்டியில் அடைத்து, மஞ்சள் மூடியை அழுத்தி, கோயிலுக்குப் போகிற பையில் வைத்தாள். திரும்பி வரும்போது பை மெலிந்திருந்தது. அவள் கடைசியாகச் செய்து வெளியே அனுப்பியது அதுதான். ஒவ்வொரு தரமும் அலுமாரியைத் திறக்கும்போது அந்தச் சின்னது ஓடி அடிபடும். எனக்கு மற்ற எதுவும் வேண்டாம். அந்த நடுப் பெட்டி வேண்டும். அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அவரும் என்னைப்போல மாட்டிக்கொண்டிருப்பார் என்பது மட்டும் தெரியும். செத்த வீட்டுக்கு வெறும் பெட்டியைக் கொண்டுபோவது எப்படி? நிரப்பிக் கொண்டுபோவதும் எப்படி?

அடுத்த நாள் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து அடுக்கினேன். எங்கள் பெண்கள் பெட்டிகளின் முகத்தை நம்புவதில்லை. அடையாளம் அடியில்தான் இருக்கும். நகப்பூச்சில் ஒரு புள்ளி, மார்க்கரில் ஓர் எழுத்து, காதில் ஒரு கம்பளி நூல். தவத்தின் அடையாளம் சிவப்பு நகப்பூச்சில் "த". நகத்துக்கு அவள் பூசி நான் பார்த்ததில்லை. அந்தக் குப்பி முழுவதும் பெட்டிகளுக்கே போனது.

புரியாதவற்றுக்குப் புனிதவதியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தவத்தின் கோயில் சிநேகிதி. மோர்னிங்சைட்டில் யாருடைய பெட்டிக்கு எந்த நிறம் என்பதெல்லாம் அவவுக்கு அத்துப்படி.

"பச்சைப் புள்ளியோ? அது அமிர்தநாதர் வீட்டு. நீல நூல் எண்டா என்ரை. அண்ணை, உள்ளுக்கு என்ன போடப் போறியள்?"

"எள்ளுருண்டை பிடிப்பமெண்டு பாக்கிறன்."

"உங்களுக்கென்ன, விசரே? செத்த வீட்டுக்காரர் எள்ளைக் கொண்டுவந்து வாசல்ல நிண்டா, சனம் கதவைத் திறக்குமே? கேசரி கிண்டுங்கோ."

"அடுப்பை எவ்வளவில வைக்கிறது?"

"சின்னனா வையுங்கோ. தவமக்கா ஒருநாளும் உங்களைக் குசினிக்குள்ள விடேல்லையோ?"

"வெங்காயம் உரிக்க விட்டவ."

முதல் கேசரி அடிப்பிடித்தது. இரண்டாவது, கரண்டியை நட்டால் நின்றது. மூன்றாவதைப் பார்த்துத் தவம் சிரித்திருப்பாள், ஆனால் சாப்பிட்டிருப்பாள். அதைப் பங்கிட்டு அடைத்துக்கொண்டு வீதியில் இறங்கினேன்.

முதலில் அமிர்தநாதர். கத்தோலிக்கர், அவருடைய மரம் இன்னும் நட்சத்திரத்தோடு நின்றது.

"வாரும் ஐசே, கோணேஸ்! என்ன, பெட்டியோட? நான் இதை மறந்தே போனன்!" என்றார். பெட்டியைத் திறந்து முகர்ந்தார். "ஆர் கிண்டினது?"

"நான்தான்."

"அப்ப முதல்ல மனுசிக்குக் குடுத்துப் பாப்பம்."

நான் தவத்தின் நடுப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்களிடம் இல்லை. எழும்பியபோது மனுசன் என் கையில் வேறொரு பெட்டியைத் திணித்தார். உள்ளே கிறிஸ்மஸ் கேக்.

"ஐயோ, வேண்டாம். பெட்டி குடுக்கத்தான் வந்தனான்!"

"கேக்கைக் கொண்டு போம். பெட்டியை ஆறுதலாத் தாரும், அவசரமில்லை."

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஓரிடத்தில் மிக்ஸர், ஓரிடத்தில் புட்டும் மீன் குழம்பும். புனிதவதி வீட்டில் நீல நூல் கட்டிய பெட்டியை வாங்கி, நீல நூல் கட்டிய இன்னொன்றைத் தந்தா. மாலையில் காரைத் திறந்தபோது, கொண்டு போனதைவிட ஒன்று கூடுதலாகவே இருந்தது. நடுப் பெட்டி மட்டும் எந்த வீட்டிலும் இல்லை.

ஒரு கிழமை இப்படி ஓடியது. கொடுக்கல் வாங்கலில் கெட்டிக்காரனாகி, வாசலிலேயே நின்று, கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசப் பழகினேன். அலுமாரி மெல்ல மெல்லக் காலியானது. பழைய பெட்டிகளில் கடைசியாக ஒன்றுதான் மிச்சம். மூடியுள்ள ஒரு சில்வர் டப்பா. அடியில் நகப்பூச்சுமில்லை, நூலுமில்லை. பக்கத்தில் மட்டும் குட்டிக் குட்டிப் புள்ளிகளால் வெட்டியிருந்தது: ரா. கிருஷ்ணவேணி.

எனக்கு எந்தக் கிருஷ்ணவேணியையும் தெரியாது. திரும்பப் புனிதவதி.

"பேர் வெட்டியிருக்கோ? அது இந்தியாக்காரரின்ர வேலையண்ணை. அவையள்தான் பாத்திரம் வாங்கின கடையிலயே பேர் வெட்டுறவை. உங்கட தெருவில ஒரு இந்தியாப் பிள்ளை இருக்கெல்லோ? பேஸ்மென்ற்ல? செத்த வீட்டுக்குத் தயிர்ச் சாதம் கொண்டந்தது."

நாலு வீடு தள்ளி. நான் பனி தள்ளும்போது "ஹலோ அங்கிள்" என்று கையசைக்கும் பெண். பெயர்கூடக் கேட்டதில்லை. டப்பாவில் கேசரி போட்டுக்கொண்டு போய்ப் பக்கக் கதவைத் தட்டினேன். இடுப்பில் ஒரு குழந்தையோடு திறந்தாள்.

"அங்கிள்! வாங்க, உள்ள வாங்க, குளிருது."

"நீர்தான் கிருஷ்ணவேணியோ?"

"ஐயோ இல்ல, நான் ராஜி. அது எங்க அம்மா பேரு." டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அம்மா டப்பா! ஃபோன் பண்றப்பல்லாம் ‘என் டப்பா எங்கடி’ன்னு கேட்டுட்டே இருப்பாங்க."

"வந்து கேட்டிருக்கலாமே?"

"ஆன்ட்டியோட பாக்ஸை நான் வெச்சுக்கிட்டு, எப்படி அங்கிள் வந்து கேக்குறது?"

ஃபிரிட்ஜின் மேலிருந்து, சுத்தமான துணியில் சுற்றிய ஒன்றை அவள் ஒரு கையால் இறக்கினாள். மஞ்சள் மூடி. நான் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சிவப்பாக "த".

"மசக்கைல எதுவுமே இறங்கல அங்கிள். பஸ் ஸ்டாப்ல வாந்தி எடுத்தேன். ஆன்ட்டிதான் தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஊறுகாயோட வந்தாங்க. ஒரு மாசம் அதை வெச்சுத்தான் சோறு சாப்பிட்டேன். இவ உடம்புல பாதி அந்த ஊறுகாய்தான்."

பாதி ஊறுகாயான அந்தக் குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் கொண்டு வரேல்லை?"

"அம்மா திட்டினாங்க. ‘வருஷம் திரும்பாம அந்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போகாதே, வெறும் பாக்ஸும் கொண்டு போகாதே’ன்னு. வருஷம் எப்ப திரும்புதுன்னு எனக்குத் தெரியல. உங்ககிட்டயே போயி எப்படிக் கேக்குறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஒரே தெருவில், நாலு வீட்டு இடைவெளியில், அவளுடைய டப்பாவோடு நானும் என்னுடைய பெட்டியோடு அவளும் ஒரு வருடமாக ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கையசைத்திருக்கிறோம். அவளும் சிரித்தாள். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்துகொண்டது.

பெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினேன். ராஜி விடவில்லை. "வெறும் பாக்ஸைத் தர மாட்டேன்" என்று அதைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரிகள் திறந்து மூடப்பட்டன. கடைசியில், "வீட்ல ஒண்ணுமே இல்ல அங்கிள், சக்கரையாவது" என்று பெட்டி நிறையச் சீனியைக் கொட்டித் தந்தாள்.

வீட்டுக்கு வந்து சீனியைப் போத்தலில் ஊற்றினேன். பெட்டியைத் துடைத்து, பெரியதுக்குள் நடுவானதையும் நடுவானதுக்குள் சின்னதையும் வைத்தேன். அலுமாரியை மூடித் திறந்தேன். சத்தமில்லை. இன்னொரு தரம் திறந்தேன். இல்லை. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பதுங்கி, மிக ஒழுங்காக இருந்தன.

இதற்காகத்தான் தெருத் தெருவாகக் கேசரி சுமந்தேன். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தவம் அனுப்பியது போய்ச் சேர்ந்து, சாப்பிடப்பட்டு, கழுவப்பட்டு, திரும்பி வந்துவிட்டது. இனி எந்த வீட்டிலிருந்தும் அவளுக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் எழும்பிப்போய், வேண்டுமென்றே அலுமாரிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். அப்போதும் ஒன்றும் ஓடவில்லை.

பொங்கலன்று காலை பொங்கிப் படைத்தேன். பிறகு ராஜியின் சீனியில் கேசரி கிண்டினேன். அந்த வருடத்தின் சிறந்த கேசரி என்று சொல்வேன். வருடம் தொடங்கி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது என்பது வேறு விசயம். நடுப் பெட்டியை வெளியே எடுத்து நிரப்பி, மஞ்சள் மூடியை அழுத்தி, கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு வீடு நடந்தேன்.

ராஜி கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, நெற்றியில் கை வைத்தாள்.

"அங்கிள்! மறுபடியும் என்னை மாட்டி விடுறீங்களே!"

"ஆறுதலாத் தாரும்" என்றேன், அமிர்தநாதரின் குரலில்.

மத்தியானம் யதுஷா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பேஸ்மென்றுக்குப் போனாள். அலுமாரியில் அமிர்தநாதரின் கேக் பெட்டி மட்டும் கிடந்தது. அதைக் கண்டும் காணாத மாதிரி விட்டுவிட்டு, மரத்தை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். "பாத்தியளே? ஒழுங்கா இருந்தா எவ்வளவு வடிவு" என்றபடி மேலே வந்து, தட்டு எடுக்கக் குசினி அலுமாரியைத் திறந்தாள்.

கடகட.

"அப்பா, நடுவானது கிடைச்சதெண்டு போன்ல சொன்னியள்?"

"கிடைச்சது."

"அப்ப எங்க?"

"நாலு வீடு தள்ளிப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"அவசரமில்லைப் பிள்ளை."

அவள் தட்டுகளை எடுத்தாள். பிறகு அலுமாரிக் கதவை மெதுவாகத்தான் மூடினாள். ஆனாலும் அந்தச் சின்னது உள்ளே ஒரு தரம் ஓடி அடிபட்டது.