நான்காவது வரி

என் வீட்டுக்காரர் முதல் வரிக்கு மேல் எதையும் படிக்க மாட்டார். நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். கண் மங்கிப் போனவர்கள்கூட என் அட்டையில் ஐந்தாவது வரி வரை இறங்கி வந்துவிடுகிறார்கள். இவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நான் எதை எழுதி அனுப்பினாலும் மூன்றே வினாடியில் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

பத்து நாளைக்கு முன் இப்படித்தான். வாய்விட்டுச் சொல்லப் பயந்து போனில் எழுதினேன். அதையும் சோப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். முதல் வரி, துணி சோப்பு தீர்ந்துவிட்டது. நான்காவது வரி, மார்பில் ஒரு கட்டி, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த வார வியாழன் ஐந்து மணிக்கு ரிசல்ட், கூட வாருங்கள். கட்டைவிரல் வந்தது. சாயங்காலம் சோப்பும் வந்தது. கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்நெஞ்சக்காரர் என்று பத்து நாளும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

இன்று வியாழன். ஆஸ்பத்திரி வாசலில் கால் கடுக்க நின்றேன். போன் வந்தது. "பீரோ சாவிய எங்க வச்ச?" என்றார். அப்போதுதான் புரிந்தது, மனிதர் அதைப் படிக்கவே இல்லை. தனியாக உள்ளே போனேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து இன்னொரு செய்தி எழுதினேன். வேண்டுமென்றே பதினொரு வரி. கட்டைவிரல் உடனே வந்தது.

வீட்டில் சோபாவில் சாய்ந்து போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் சோப்பு வாங்கச் சொன்னேனே, அத எடுங்க. சத்தமா படிங்க."

சலித்துக்கொண்டே தேடி எடுத்தார். சோப்பு, பால், குழாய் ஒழுகல். அப்புறம் குரல் நின்றுவிட்டது.

கடையில் கேட்கிற மாதிரியே கேட்டேன். "எத்தனாவது வரி வரைக்கும் தெரியுது?"

"நான் இதப் பாக்கவே இல்லம்மா." முகம் வெளிறிவிட்டது. "இன்னிக்குத்தானே வியாழன். என்ன சொன்னாங்க?"

"அதான் எழுதி அனுப்பிட்டேனே. நீங்களும் விரலக் காட்டிட்டீங்க."

அவசரமாகக் கடைசி வரிக்குத் தாவப் பார்த்தார். "முதல்லேர்ந்து," என்றேன். ஈவிரக்கமில்லாதவள்தான். நான் பட்ட பத்து நாளுக்குப் பத்து வரியாவது அவர் படட்டும்.

ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படித்தார். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வருவது, என் அக்கா மகளின் பரீட்சை, அறுந்துபோன செருப்பு. ஒன்பதாவது வரியில், "வெறும் கொழுப்புக் கட்டிதானாம், பயப்பட ஒண்ணும் இல்ல" என்பதை இரண்டு தடவை படித்தார்.

போதும் என்று கையை நீட்டினேன். போனைத் தரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதி இரண்டு வரியையும் படித்து முடித்தார். "இனிமே நீல சோப்பு வாங்காதீங்க. கை எரியுது."