இடது தோள்

நௌபர் வலது தோளில் மூடை வாங்கியதில்தான் எல்லாம் தொடங்கியது.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே இருந்த அந்த உரக் களஞ்சியத்தில் எல்லோரும் இடது தோளில்தான் சுமப்பார்கள். லொறியிலிருந்து மூடையை வாங்கி, அடுக்கில் சாய்த்திருக்கும் பலகையில் ஏற வேண்டும். பலகை இரண்டு ஆள் அகலம். ஏறுகிறவன் இடப்பக்கமாக ஏற, வெறுங்கையோடு இறங்குகிறவன் அவனுக்கு வலப்பக்கமாக வருவான். வலது தோளில் மூடை இருந்தால் அது இறங்குகிறவனின் முகத்தில் போய் மோதும்.

ஆனால் நௌபரின் இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டி அளவில் ஒரு மின்கருவி இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட வயர் கழுத்து வழியே ஏறிக் காதுக்குப் பின்னால் போய் மூளைக்குள் இறங்கியிருந்தது. ஐந்து வருடமாக வலது கை ஆடு ஆடென்று ஆடிய மனிதன் அவன். எடுத்த சோற்றில் பாதி மடியில் கொட்டும். மனைவி ஷிஃபானாதான் ஊட்டிவிட்டாள். கொழும்பில் ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்கு ஒன்பது பேரை எடுத்தபோது இவனும் ஒருவன். கருவியை முடுக்கிய நிமிடமே கை கல்லாய் நின்றது. ஆளுக்கு ஒன்றுதான், உடைந்தால் வேறில்லை, பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தவன் நான்காம் மாதம் மூடைக்குப் போனான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது.

அன்று காலை பத்து மணிக்குள் இரண்டு பேர் அவன் மூடையில் இடிபட்டு ஏசிவிட்டுப் போனார்கள். மூன்றாவது பாஹிம். முகத்தில் அடிபட்டு, பலகையிலிருந்து சீமெந்துத் தரையில் குப்புற விழுந்தான். முன்பல் இரண்டு கீழுதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன.

பாஹிமின் மூத்த சகோதரன் நிப்றாஸ்தான் அங்கே கங்காணி. மூடையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொழுக்கியோடு வந்தான்.

"கரண்டு மனுசா, இடத்தோளில வாங்கடா எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"ஏலாது நானா. ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"ஏலாட்டி வீட்ட போ. பொண்டாட்டி சோறு தீத்துவாள், ஆவெண்டு இரு."

லொறிக்கு மேலே நின்ற ஒருவன் சிரித்தான்.

நௌபரின் வலது கை நிப்றாஸின் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது விரல்முட்டிக்குத் தெரிந்தது. இருவரும் சிந்திக்கிடந்த உரத்தில் உருண்டார்கள். காயத்தில் உரம் பட்டு எரிய எரிய அடித்தார்கள். நிப்றாஸ் அவன் தோளைக் கடித்தான். நௌபர் அவன் தலையைத் தரையில் இரண்டு தரம் மோதிவிட்டுக் கொழுக்கியைப் பறித்தான். விலக்க வந்தவனின் விலாவில் முழங்கை பாய்ந்தது. பிறகு நிப்றாஸின் நெஞ்சில் ஏறி இருந்து கொழுக்கியை ஓங்கினான்.

கீழே கிடந்த நிப்றாஸ் அவன் கழுத்தை எட்டிப் பிடித்தான். தோலுக்கடியில் ஓடிய வயர் விரலில் தட்டுப்பட்டது. தோலோடு சேர்த்து அதைப் பற்றி, முறுக்கி இழுத்தான்.

உள்ளே ஏதோ டக்கென்று விட்டது.

கொழுக்கி இறங்கியது, ஆனால் கை ஆடியதில் குறி தப்பி நிப்றாஸின் காதைக் கிழித்துக்கொண்டு தரையில் மோதியது. நௌபர் மறுபடி ஓங்கினான். விரல்கள் பிடிக்கவில்லை. கொழுக்கி நழுவி விழுந்தது. வலது கை முழங்கையிலிருந்து பழையபடி ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் அமுக்கிப் பார்த்தான். இரண்டும் சேர்ந்து ஆடின.

நிப்றாஸ் அவனைத் திருப்பி அடித்திருக்கலாம். அந்தக் கையைப் பார்த்தபடியே கிடந்தான்.

யாரோ ஆஸ்பத்திரி என்றார்கள். நௌபர் காதில் வாங்கவில்லை. எழுந்து லொறியடிக்குப் போய் நின்றான்.

"இடத்தோளில வைங்கடா."

மேலே நின்றவர்கள் அசையவில்லை. நிப்றாஸ் மூக்கு இரத்தத்தை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு லொறியில் ஏறினான். தானே ஒரு மூடையைத் தூக்கி, கருவி இருந்த இடத்துக்கு மேலே வைத்தான்.

வலது கை காற்றில் ஆட ஆட, நௌபர் பலகையில் ஏறினான். இறங்கி வந்தவர்களில் யாரும் இடிபடவில்லை.