அக்னபாத் சொல்லச் சொன்னது

செத்துக் கிடந்த மாமியாரின் மோவாய்க்கு அடியில் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் ஜெரன் முடிச்சுப் போட்டாள். செத்தவர்களின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்க அப்படிக் கட்டுவது வழக்கம். இரண்டு கையும் முடிச்சில் இருந்ததால், தன் தலைத்துணியின் முனையைப் பல்லால் இறுக்கிக் கடித்திருந்தாள். வாசலில் மாமனார் ஒராஸ் நின்றார். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் பேசக்கூடாது, துணிமுனை பல்லுக்கிடையில் இருக்க வேண்டும். ஆக, செத்தவள் வாயும் கட்டியிருந்தது, கட்டியவள் வாயும் கட்டியிருந்தது. அந்த அறையில் பேசக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். அவரும் பேசவில்லை.

யாஷ்மக் என்று அதற்குப் பெயர். மற்ற வீடுகளில் முதல் குழந்தை பிறந்ததும் மாமனாரே ஒரு சால்வையைக் கொடுத்து, "இனிமே பேசும்மா" என்று அவிழ்த்துவிடுவார். ஜெரனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. இதற்கென்று ஒரு சால்வை வாங்கினால் குழந்தை இல்லாததையே சொல்லிக் காட்டினதாக ஆகிவிடுமோ என்று ஒராஸுக்குக் கூச்சம். கூச்சத்திலேயே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவள் புருஷன் திர்கிஷ் எரிவாயு வயலில் மாசக்கணக்கில் வேலை பார்ப்பவன். எனவே காராகும் பாலைவன மணலின் நடுவே அந்த வீட்டில் பெரும்பாலும் மூன்று பேர்தான், அதில் இருவர் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள்.

பேச்சையெல்லாம் சுமந்தவள் மாமியார் அக்னபாத்.

"அவகிட்டச் சொல்லு, சோத்துல உப்பு ஜாஸ்தின்னு" என்பார் ஒராஸ். ஜெரன் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"உப்புப் போட்டது நான்தான். பேசாமச் சாப்பிடுங்க."

"அப்போ சொல்ல வேண்டாம்."

"சொல்லல. அவளுக்குத்தான் காது கேக்காதே!"

துணிமுனையைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஜெரனைக் கேட்டால் தெரியும்.

இன்றைக்கு விடியற்காலையில் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்னபாத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெரன் அவளைத் தூக்கிக்கொண்டுவந்து கம்பளத்தில் படுக்க வைத்தாள். ஒராஸ் கிணற்றடியில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாமாவைக் கூப்பிட்டுட்டு வரட்டுமா?"

"எப்படிக் கூப்பிடுவ, சீட்டியடிச்சா?" அந்த வலியிலும் அவளுக்குக் கேலி போகவில்லை. பிறகு ஜெரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போகாத. உக்காரு. உங்க மாமாகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கிணத்தடியில எனக்குக் கோபமே இல்லன்னு சொல்லு. சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியாமத்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

அது எந்தக் கிணற்றடி என்று ஜெரனுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒரு வாரம் குடியிருந்த யாருக்கும் தெரியும். கல்யாணமான நாலாம் நாள், புதுப் பெண்டாட்டி தண்ணீர் எடுக்கும் நேரம் பார்த்து, ஒராஸ் ஆண் ஒட்டகத்தின் முதுகில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். ஒட்டகம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்ததும் கழுத்தை இறக்கிவிட்டது. மாப்பிள்ளை தலைகுப்புறச் சேற்றில். புதுப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நாற்பத்தோரு வருடமாக எந்தச் சண்டை வந்தாலும் அவர் அங்கேதான் போய் முடிப்பார்: "நீ அன்னைக்கே என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டவதானே!" அவளும் மறுத்துப் பேசமாட்டாள்.

"திர்கிஷ்கிட்டச் சொல்லி அனுப்பாத. பிள்ளைங்க காதுல போடற பேச்சில்ல இது" என்றாள் அக்னபாத். "என்னைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள சொல்லிடு. அந்த மனத்தாங்கலோட அவர் என்னை வழியனுப்பக்கூடாது."

"நான் எப்படி அத்தை சொல்லுவேன்?"

அக்னபாத்தின் மூச்சு நின்றுவிட்டது. பிடித்த கை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

ஜெரன் கிணற்றடிக்குப் போனாள். தனியாக அவள் அங்கே வந்ததே கிடையாது. பத்தடி தள்ளி நின்றாள். ஒராஸின் கண்களில் புரை விழுந்து இரண்டு வருடமாகிறது. ஒரு சாண் தூரம் தாண்டினால் எல்லாம் அவருக்குப் புகைதான். ஆனாலும் நிற்பது யார் என்று தெரிந்துவிட்டது. வாளிக் கயிற்றை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவிழ்ந்து ஓடிய கயிற்றைப் பிடித்துக் கட்டிவிட்டு ஜெரன் பின்னால் வந்தாள்.

முற்பகலுக்குள் செய்தி பரவிவிட்டது. ஆண்கள் குழி வெட்டப் போனார்கள். குளிப்பாட்டும் பெண்களைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டு துர்சுன் போனாள். திர்கிஷ் ஒரு லாரியில் ஏறிவிட்டான், நடுப்பகல் தொழுகைக்கு வந்துவிடுவான் என்றார்கள். தொழுகை முடிந்தால் தூக்கிவிடுவார்கள். ஜெரனுக்கு மிச்சமிருந்தது ஒன்றரை மணி நேரம். துர்சுனிடம் சொல்லி அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். துர்சுனிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் சுற்றியுள்ள நாலு கிணற்றுக்காரர்களும் சிரிப்பார்கள்.

காலையிலிருந்து மாமனார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஒட்டகப்பால் எடுத்துக்கொண்டு அவள் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வருகிறேன் என்பதற்கு மோதிரத்தால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டுவாள். ஒன்பது வருடத்தில் அவர்களுக்குள் இருந்த ஒரே பேச்சு அதுதான். தட்டப்போன விரல் நின்றுவிட்டது.

அவர் பிணத்தருகே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். போர்வையின் ஓரத்தைத் தூக்கிவிட்டு, வலது கையை மெல்ல உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி செத்துவிட்டால் புருஷன் அவளைத் தொடக்கூடாது என்பார்கள் அந்தப் பக்கத்தில். எல்லோரும் போகும்வரை காத்திருந்துதான் அதைச் செய்கிறார் என்று ஜெரனுக்குப் புரிந்தது. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிப் போகப் பார்த்தாள்.

அப்போது போர்வை நகர்ந்தது.

செத்தவள் அசைந்துவிட்டாள் என்றுதான் ஜெரன் முதலில் நினைத்தாள். இடுப்பு மடிப்புக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. பின்னால் உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. நாகம். கிழவரின் மணிக்கட்டுப் பருமன், முற்றிய கோதுமையின் நிறம். பிணம் உப்பாமலிருக்க வயிற்றின் மேல் வைத்திருந்த இரும்புக் கத்தரிக்கோலைத் தாண்டி, செத்தவளின் நெஞ்சில் ஏறி, அங்கே நிமிர்ந்தது. கழுத்து அகன்று படம் விரிந்தது. உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்துக்கு நேராக அதன் முகம். அவருக்கோ அது புகையிலொரு புகை. கை இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

ஜெரன் வாயைத் திறந்தாள். துணிமுனை விழுந்தது.

"மாமா. கையை அப்படியே வெச்சுக்குங்க. அசையாதீங்க."

கை நின்றது. பாலைவனத்தில் பிறந்தவர். காரணம் கேட்கவில்லை.

"நாகமா, விரியனா?" என்றார், உதடு அசையாமல்.

"நாகம்."

"எங்க?"

"அத்தை நெஞ்சு மேல. உங்க முகத்துக்கு ஒரு முழம்."

"படம்?"

"விரிச்சிருக்கு மாமா."

"ம்." மூச்சைச் சின்னதாக விட்டார். "ரொம்பப் பெருசா?"

"இவ்வளவு பெருசு நான் பாத்ததே இல்ல."

"கையில என்ன வெச்சிருக்க?"

"பால்."

"நல்லது. வீட்டுக்குள்ள வந்துடுச்சு, வெள்ளை குடுத்துத்தான் வழியனுப்பணும். நடக்காத. தரை அதிர்ந்தா அதுக்குத் தெரியும். முழங்காலால வா. மேல இருந்து ஊத்தாத, பக்கத்துல இருந்து சாச்சு விடு. பயமா இருந்தா வேண்டாம், அங்கேயே இரு. எனக்கு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல."

பயமாகத்தான் இருந்தது. கம்பளத்தில் முழங்காலை ஊன்றி ஒவ்வொரு சாணாக நகர்ந்தாள். நாகம் அவள் பக்கம் திரும்பியது. உடம்பு அசையவில்லை, தலை மட்டும் திரும்பியது. கண் இமைக்காத அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அவசரம் இல்லை. இந்த வீடு, பிணம், அழுகை எல்லாவற்றுக்கும் முன்னாலிருந்தே அங்கே இருந்ததுபோல நின்றது. செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மூச்சு இழுக்கும்போது படம் இம்மியளவு உப்பியது, அடங்கியது. இத்தனை அழகான ஒன்றை இத்தனை பக்கத்தில் ஜெரன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கும்பிட வேண்டும்போல் இருந்தது, கையில் கிண்ணம்தான் இருந்தது.

கிண்ணத்தைச் சாய்த்தாள். பால் படத்தின் பக்கவாட்டில் பட்டு, கழுத்தில் இறங்கி, போர்வையில் பரவியது. சீறவில்லை. நாக்கை ஒருமுறை நீட்டிப் பாலைத் தொட்டது. பிறகு படத்தைச் சுருக்கிக்கொண்டு, செத்தவளின் கால் வழியாக இறங்கி, ஜெரனின் பாவாடை நுனியை உரசிக்கொண்டு வாசலுக்குப் போனது. வழியெல்லாம் ஈரக் கோடு. நிலைப்படியில் தலையைத் தூக்கி வெயிலைப் பார்த்தது. மணலில் இறங்கியது. மூன்று வளைவு தெரிந்தது, அப்புறம் மணல்தான்.

ஜெரன் காலிக் கிண்ணத்தைக் கம்பளத்தில் வைத்தாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

ஒராஸ் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். "உன் குரல் இப்படியா இருக்கும்!" என்றார். "சின்னக் குரலா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். இது படை நடத்தற குரலால்ல இருக்கு."

ஜெரன் துணிமுனையைத் தேடி எடுத்தாள். பல் வரைக்கும் கொண்டுபோனாள். வெளியே தூரத்தில் துர்சுனின் பேச்சு கேட்டது, கூட நாலைந்து பெண்களின் பேச்சும். இன்னும் நூறடி நடந்தால் வந்துவிடுவார்கள். வந்தபின் இந்த அறையில் அவருக்கு வேலையில்லை, எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். துணியைக் கீழே விட்டாள்.

"மாமா, அத்தை ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

அவர் முகம் திரும்பியது. "எப்போ?"

"காலையில. கடைசியா. நீங்க கிணத்தடியில இருந்தப்போ." எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை, நேராகவே சொல்லிவிட்டாள். "நீங்க ஒட்டகத்துல இருந்து விழுந்த அன்னைக்கு அவங்களுக்குக் கோபமே இல்லையாம். சிரிப்பு வந்துடுச்சாம். நீங்க பாத்துடக் கூடாதேன்னுதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்களாம்."

ஒராஸ் பால் நனைந்த போர்வையையே பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஜெரனுக்குச் சந்தேகம் வந்தது.

"சிரிச்சாளா?"

"சிரிச்சாங்களாம்."

"நாப்பத்தோரு வருஷமா நான் இதச் சொல்லிக் காட்டிட்டிருக்கேன். ஒரு தடவையாவது வாயத் திறந்தாளா?"

"ஒவ்வொரு தடவையும் நீங்க அதைச் சொன்னதும் மாவு அறைக்குள்ள போயிடுவாங்க மாமா. நான் பின்னாடியே போய்ப் பாத்திருக்கேன். சாக்குமூட்டை மேல குப்புறப் படுத்துக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாங்க. எதுக்குன்னு கேட்டா, 'போடி'ன்னுடுவாங்க. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

"மாவு மூட்டை மேலயா?"

"ஆமா. ஒரு தடவை மூஞ்சியெல்லாம் வெள்ளையா வந்து நின்னாங்க. நீங்ககூட, அழுதுட்டு வந்திருக்காளோன்னு நெனச்சு ரெண்டு நாள் அவங்களைத் தாங்கினீங்க."

அவர் தோள் அசைந்தது. முதலில் ஒரு முனகல்தான் வந்தது. பிறகு தலையிலிருந்த ஆட்டுத்தோல் குல்லாவைப் பறித்து முகத்தில் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து கீறலாக, விக்கலாக, அடக்க அடக்க மீறிக்கொண்டு சத்தம் வந்தது. "பாவி! அடிப்பாவி!" என்றார் குல்லாவுக்குள். மனைவியின் பக்கம் குனிந்தார், உடம்பு முழுக்கக் குலுங்கியது.

முற்றத்துக்கு வந்துவிட்ட பெண்கள் அதைக் கேட்டு நின்றார்கள். "ஐயோ, மனுஷன் ஒடஞ்சிட்டாரே!" என்று துர்சுன் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெரன் எழுந்து வாசலுக்குப் போனாள். அவர் சிரிப்பது வந்தவர்களுக்குத் தெரியாதபடி, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு, வழியை மறைத்து நின்றாள்.