பச்சைக் காளான்

அலெக்சாண்டர் ஈரத்துண்டை மடித்துத்தான் அடிப்பான். வலிக்கும், தடம் நிற்காது. போன வருடம் ஸ்டெல்லாமேரி தன் அண்ணன் ஜோசப் ஆனந்திடம் போய்ச் சொன்னபோது, "எங்க, காட்டு" என்றான். காட்ட ஒன்றுமில்லை. அன்று சாயங்காலமே அவளை அரியாங்குப்பத்தில் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

அவள் துய்மா வீதியில் ஓர் உணவகத்தில் காய் நறுக்குகிறாள். தவக்கால வெள்ளிக்கிழமை, வேலையாட்களுக்கு மாட்டுக்கறிக் குழம்பு. அவள் தொடவில்லை. பசி தாங்காமல், வெள்ளைக்காரர்களுக்காக வாங்கிவைத்திருந்த ஜப்பான் காளானை மெலிதாக அரிந்து, உப்பும் எலுமிச்சையும் பிசிறி, ஒரு கிண்ணம் பச்சையாகவே தின்றாள்.

"கறியும் வேணாம், அடுப்பும் வேணாமா?" என்றார் சமையல்காரர் இராமதாஸ். "நீ கன்னியாஸ்திரியாவே போயிருக்கலாம்."

"லேட்டாயிடுச்சுண்ணே."

ஞாயிறு காலை முதுகு அரித்தது. பூசையில் பின்னால் நின்ற அண்ணன் மனைவி ஜோவிதா, ரவிக்கைக்கு மேலே தெரிந்ததைப் பார்த்துவிட்டு அவளைத் தனியே இழுத்துப்போனாள். கழுத்திலிருந்து இடுப்புவரை நீள நீளமாகச் சிவந்த கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. தூணில் கட்டி அடிக்கப்பட்ட இயேசுவின் சுரூபத்துக்கு இப்படித்தான் சாயம் பூசியிருப்பார்கள்.

ஜோசப் எதுவும் கேட்கவில்லை. அரியாங்குப்பம் போய் அலெக்சாண்டரைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தான்.

"சத்தியமா நான் தொடல மச்சான்."

"பின்ன, பேய் வந்து அடிச்சிச்சா?"

அலெக்சாண்டர் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னான்.

மறுநாள் தோல் டாக்டரம்மா ஜோசப்பை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "வீட்டுக்காரர் அடிச்சாரா?"

"அடிப்பான். ஆனா இது அவன் இல்ல."

டாக்டர் 'இது'வைப் பற்றி மட்டும் மேற்கொண்டு விசாரித்தார். "காளான் பச்சையா சாப்ட்டியா? சில பேருக்கு ரெண்டு நாள் கழிச்சு இப்படிக் கோடு கோடா வரும். தானா மறைஞ்சிடும். இனிமே நல்லா வேகவச்சு சாப்புடு."

வெளியே ஜோசப் எழுந்து நின்றான். "என்னா சொன்னாங்க?"

"ஆறிடும்னாங்க."

"அந்த வீட்டுக்கு இனிமே நீ போவாத."

கருவடிக்குப்பத்தில், அண்ணன் வீட்டில், அவள் அரிப்போடு நன்றாகத் தூங்கினாள்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிற்றுக்குள் கோடுகள் பழுப்பாகி மறைந்துவிட்டன. முதுகில் எண்ணெய் தேய்த்த ஜோவிதா சொன்னாள்: "ஒண்ணுமே இல்லியே இப்ப. உங்க வீட்டுக்காரரும் வந்து கால்ல விழுந்துட்டாரு. ஈஸ்டர் முடிஞ்சதும் அனுப்பிடலாம்னு உங்க அண்ணன் சொல்றாரு."

"அண்ணி, அவன் துண்டால அடிப்பான். தடம் தெரியாது."

"தெரியாததுக்கு நாங்க என்னா பண்றது, சொல்லு."

ஈஸ்டருக்கு மறுநாள். வேலை முடிந்ததும் அண்ணன் வந்து அரியாங்குப்பத்தில் விடுவதாக ஏற்பாடு. கோடு வர இரண்டு நாளாகும். அப்போது அவள் அலெக்சாண்டர் வீட்டில் இருப்பாள். மதியம் காளான் பெட்டியைத் திறந்து மெலிதாக அரிந்தாள். எலுமிச்சையைத் தேடவில்லை. நின்றபடியே அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"தவக்காலந்தான் முடிஞ்சிடுச்சே" என்றார் இராமதாஸ். "கறி இருக்குது பாரு."

"எனக்கு இதுவே போதும்ணே."