அரை நிமிட மௌனம்

தாடிக்காரன் முதல் நாள் ஸ்டூடியோவுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றினான், கண்ணை மூடினான், சுவரில் காதை வைத்தான். "இந்த ரூம் அழுவுதுக்கா" என்றான். அழவும் இல்லை, ஒன்றும் இல்லை. கீழ்மாடியில் பல் டாக்டர் யாருக்கோ கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். அக்கா அதைச் சொல்லவில்லை. இருபது வருடமாக ஒலிப்பதிவு செய்கிறவளுக்கு, பாட்டுக்காரர்களிடம் எதைச் சொன்னால் அரை நாள் வீணாகும் என்று தெரியாதா என்ன?

அவளை எல்லோருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆல்பம் பதிய வந்திருந்த அந்த நாலு பேர் குழுவில் அதற்கு நிஜமான உரிமை உள்ளவன் டிரம்ஸ் அடிக்கிறவன் ஒருவன்தான். கூடப்பிறந்த தம்பி. மற்ற மூவரும் ஒட்டிக்கொண்ட தம்பிகள். பாட்டும் பந்தாவும் தாடிக்காரனுடையது. கிட்டார்க்காரனுக்கு அவள் மனசுக்குள் திருகாணி என்று பெயர் வைத்திருந்தாள், வாசித்த நேரத்தைவிட அவன் சுருதி திருகிய நேரம் அதிகம். பேஸ் கிட்டார்க்காரன் வாயே திறக்கமாட்டான், அதனால் அவனை மட்டும் கொஞ்சம் பிடித்தது.

"நாங்க வெறும் ராக் இல்லக்கா. ஆல்டர்னேட்டிவ் ராக்" என்றான் தாடிக்காரன்.

"எதுக்கு ஆல்டர்னேட்டிவ்?"

"இருக்கற எல்லாத்துக்கும்."

"சரி, அந்த ஒயரை மிதிக்காம நில்லு."

ஆல்பத்துக்குப் பெயர் 'மூன்றாவது இருட்டு'. முதல் இரண்டு இருட்டும் எங்கே போயின என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன். இதற்காக ஆறு வாரம் லீவு போட்டிருந்தான். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு நாள், டிரம்மின் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னான்: "இதுதான்க்கா நான் வெச்சிருக்கற கெடு. இதுல என் வாசிப்பு சரியா வந்துச்சுன்னா கடைய விட்டுட்டு முழுசா இதுலயே இறங்கிடறேன். வரலைன்னா குச்சியத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். வேற எவன் சொல்றதும் வேணாம். நீ கேட்டுட்டு சொல்லு, போதும்."

"பாக்கலாம்டா. மொதல்ல அந்த மூணு பேரும் ஒரே நேரத்துல ஒரே பாட்டை வாசிக்கறாங்களான்னு பாப்போம்."

அவன் சிரித்தான். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான், வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. நல்லதைச் சொன்னால் நாக்கு சுட்டுவிடும் என்று நினைக்கிற ஜாதி அவள்.

டிரம்ஸ் பதிவு மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரைதான் நடக்கும். டாக்டர் சாப்பிடப் போகிற நேரம் அது. மற்ற நேரத்தில் இங்கே அடித்தால் அங்கே அவர் கை ஆடும், அங்கே அவர் குடைந்தால் இங்கே மைக்கில் விழும். ஒரு நாள் அவர் சீக்கிரமே வந்துவிட, இரண்டாவது பாட்டின் நடுவில் பல் குடைகிற சத்தம் நன்றாகவே விழுந்துவிட்டது. "திரும்ப எடுப்போம்" என்றாள். "வேணாம்க்கா, இருக்கட்டும். வலி இருக்கு அதுல" என்றான் தாடிக்காரன். வலி இருக்கத்தான் செய்தது, யாருடைய பல்லோ, பாவம்.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து, பொத்தானை அமுக்கி, "நாலாவது பாட்டு, மூணாவது டேக்" என்று சொல்லுவாள். அது உள்ளே இருப்பவர்களின் காதிலும் கேட்கும், பதிவிலும் ஏறும். பின்னால் தேடுவதற்கு அது வசதி. கடைசியில் தன் குரலை மட்டும் வெட்டி எறிந்துவிடுவாள். இருபது வருடத்தில் அவள் குரல் ஒரு ஆல்பத்திலும் வெளியே போனதில்லை, அதில் அவளுக்குக் கர்வம்.

நாள் ஆக ஆக அவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. தாடிக்காரன் ஸ்தாயி எட்டாதபோதெல்லாம் மைக்கை மாற்றச் சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவன் கூடத்தோடு விடாமல் கூரையையும் குறை சொன்னான். திருகாணி ஒரு வரிக்கு நாற்பது டேக் வாங்கிவிட்டு முதலாவதே நன்றாக இருந்தது என்றான். "ஜனங்களுக்கு இது புரியாதுக்கா. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று தாடிக்காரன் பெருமூச்சு விட்டான். இதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் தன் சிநேகிதிக்குப் போனில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். சிநேகிதியும் இதே தொழில், வேறு ஸ்டூடியோ. நாளடைவில் பாட்டு கேட்பதைவிட அதை நையாண்டி செய்து அனுப்புவதில்தான் ருசி கண்டாள். காது மைக்கின் பக்கம் இருந்தது, கவனம் கட்டைவிரலில்.

கடைசிப் பாட்டைப் பற்றித் தாடிக்காரன் முன்கூட்டியே சட்டம் போட்டான். "ஒரே டேக்குக்கா. எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். அதுல நீங்க கையே வெக்கக்கூடாது, அப்படியே போகணும். முடிஞ்சப்புறம் அரை நிமிஷம் மௌனம் வேணும். அந்த மௌனமும் பாட்டுதான்."

"மௌனத்துக்குச் சுருதி சேக்கணுமா?" என்றாள். அவன் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றான்.

பாட்டு ஆறு நிமிடம். நாலாவது நிமிடத்தில் மற்ற மூவரும் நிறுத்திவிட, கடைசி இரண்டு நிமிடம் டிரம்ஸ் மட்டும். அந்த நேரம் பார்த்து அவள், சுருதி சேர்க்காத மௌனத்தைப் பற்றிச் சிநேகிதிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். சிநேகிதி திருப்பி ஒன்று அனுப்ப, இவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளே சத்தம் நின்றது. மூவரும் புகை பிடிக்க வெளியே நழுவினார்கள். தம்பி மட்டும் குச்சியைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தான், சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"அக்கா, நல்லா இருந்துச்சா?"

மணி மூன்றாகப் பத்து நிமிடம். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே பொத்தானை அமுக்கினாள். "எல்லாம் குப்பைடா. எழுந்து வா, டாக்டர் வந்துடுவாரு."

அவன் எழுந்தான். குச்சிகளைத் துணியில் சுற்றினான். மறுநாள் முதல் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டான், லீவில் இன்னும் எட்டு நாள் பாக்கி இருந்தது. தாடிக்காரனின் இம்சை தாங்கவில்லை போலிருக்கிறது, பிழைத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசிப் பாட்டை அவள் தொடவில்லை. கையே வைக்கக்கூடாது என்றானே, சரி, வைக்கவில்லை. முன்னால் இருந்த தன் குரலை மட்டும் வெட்டினாள். முடிவில் அரை நிமிடம் மௌனம் கேட்டானே என்று பதிவின் வாலை அப்படியே விட்டு அனுப்பிவைத்தாள். மௌனத்தை யார் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள்? அவளும் கேட்கவில்லை, அதைக் கேட்டு வாங்கிய மகானும் கேட்கவில்லை.

ஆல்பம் வெளியாகி ஒரு மாதம் கழித்து, பல் டாக்டர் ஒரு பத்திரிகையோடு மாடியேறி வந்தார். "என்னம்மா, உங்க ஆல்பம் பேர் வாங்கிடுச்சே!" என்று வாசித்துக் காட்டினார். விமர்சகர் புகழ்ந்து தள்ளியிருந்தார். இரண்டாவது பாட்டில் கிட்டார் 'நரம்பைத் துளைக்கும் உலோக அழுகை'யாக ஒலித்ததாம். டாக்டருக்கு அது தன் கருவி என்று தெரியாது, திருகாணியோ பேட்டியில் அந்தப் பாராட்டை வெட்கத்தோடு ஏற்றுக்கொண்டிருந்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் சிகரம் கடைசிப் பாட்டின் முடிவு என்று எழுதியிருந்தது. 'ஒரு கலைஞன் தயங்கிக் கேட்கிறான், நல்லா இருந்துச்சா என்று. ஈவிரக்கமற்ற ஒரு பெண்குரல் பதில் சொல்கிறது.' அந்தக் குரல் சமூகத்தின் குரல் என்றும், ஆறு மாதம் யோசித்து அதை வைத்ததாகவும் தாடிக்காரன் சொல்லியிருந்தான். மேடையில் இப்போது புதிதாகச் சேர்ந்த டிரம்ஸ்காரன் அந்தக் கேள்வியைக் கேட்க, கூட்டம் மொத்தமும் "எல்லாம் குப்பைடா!" என்று கத்துகிறதாம்.

"அந்தக் குரல் உங்களுது மாதிரியே இருக்கும்மா" என்றார் டாக்டர்.

அவர் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு, மற்ற வாத்தியங்களை ஊமையாக்கி, டிரம்ஸை மட்டும் ஓடவிட்டாள். போனைத் தூக்கி மேசை டிராயருக்குள் போட்டாள்.

தம்பி அவசரப்படவே இல்லை. முதலில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, கதவைத் தட்டுகிறவன் மாதிரி தட்டினான். பிறகு அதன் இடைவெளியில் ஒன்று, அதற்குள் இன்னொன்று. எங்கேயும் அலட்டல் இல்லை, ஒரு அடியும் வீண் இல்லை. இருபது வருடத்தில் அந்த அறையில் அப்படி யாரும் அடித்ததில்லை. அவள் கையில் மயிர்க்கூச்செறிந்தது. அதன் பிறகு அதிர்ந்து அடங்குகிற பித்தளைத் தட்டின் சத்தம், அவன் மூச்சு வாங்குகிற சத்தம், அவன் கேள்வி. அப்புறம் இவள். கழுதை யாரென்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அடிப்பாவி" என்று தன்னையே வைதுகொண்டாள்.

அவள் போனபோது கண்ணாடிக் கடையில் தம்பி வெள்ளைக் கோட்டு போட்டு, லென்ஸின் விளிம்பை அரைத்துக்கொண்டிருந்தான். காத்திருந்தவர்களில் ஒரு பெண் 'எல்லாம் குப்பைடா' என்று அச்சடித்த பனியன் போட்டிருந்தாள். எதிரே வெள்ளைக் கோட்டில் நிற்பவன் யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"டேய், அந்தக் கடைசிப் பாட்டு. இன்னிக்குத்தான்டா கேட்டேன்" என்றாள் அக்கா. "என்னமா அடிச்சிருக்க! அன்னிக்கு நான் கேக்கவே இல்லடா."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"கண்ணாடி வழியா பாத்துட்டுத்தானே இருந்தேன். நீ போனப் பாத்துச் சிரிச்சிட்டிருந்த."

"தெரிஞ்சுமா விட்ட? உள்ள வந்து என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல? மறுபடி போட்டுக் கேளுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவன் லென்ஸை ஃப்ரேமில் வைத்து அழுத்தினான். "நீ கேட்டுட்டு குப்பைன்னு சொல்லியிருந்தா மறுநாளே வந்து மறுபடி அடிச்சிருப்பேன்க்கா. அதுல எனக்கு ரோஷமே இல்ல. சொந்த அக்காவே காது குடுக்கலைன்னா, வேற எவன் வாசல்ல போய்த் தட்டறது?"

"இப்பச் சொல்றேன்டா, நல்லா இருக்குடா. சத்தியமா."

"குச்சியெல்லாம் அன்னிக்கே குடுத்துட்டேன்க்கா. அந்தப் புதுப் பையன் வெச்சிருக்கான்."

பனியன் போட்ட பெண்ணைக் கூப்பிட்டு, கண்ணாடியைத் துடைத்து, அவளே மாட்டிக்கொள்ளட்டும் என்று நீட்டினான். "தெளிவா இருக்கா பாருங்க" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

தம்பி தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தான்.