கருப்புக் கட்டங்களுக்கு வரவேற்பு

ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி. அங்கே நூலகர் ஞானமுத்து. இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுப்பது எப்படி என்று வாரம் ஒரு சாயங்காலம் ஆன்லைனில் வகுப்பெடுப்பார். மாணவர்கள் தவறாமல் வருவார்கள். வந்து கேமராவை அணைப்பார்கள், மைக்கை அணைப்பார்கள், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மனுஷன் கருப்புக் கட்டங்களைப் பார்த்துத் தொண்டை கிழியப் பேசுவார். புரிகிறதா என்று கேட்டால் ஒரு பயல் வாய் திறக்க மாட்டான். யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட மாட்டார்களா என்று ஏங்கிப் போய்க் கிடந்தார்.

இதில் முதல்வர் வேறு கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், மாணவர்கள் முகம் காட்டிக் கலந்துகொள்ளாவிட்டால் அந்த நேரம் யோகாவுக்குப் போய்விடும் என்று.

அந்த ஞாயிறு அழகர்கோவில் சாலையில் நண்பர் வீட்டுக் காதுகுத்து. மண்டப வாசலில் மைக்கும் கையுமாக நின்ற ஒருவர், வருகிற ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி, ஊர் சொல்லி, இல்லாத பட்டமெல்லாம் கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தார். தன் பேர் காதில் விழாமல் ஒருத்தர்கூடப் பந்திக்கு நகரவில்லை. ஞானமுத்துவுக்குப் பொறி தட்டியது.

அடுத்த வகுப்பை இப்படித் தொடங்கினார்: “நாகமலை புதுக்கோட்டையின் நம்பிக்கை நட்சத்திரம், அண்ணன் அழகுபாண்டி அவர்களே, வருக வருக!”

அழகுபாண்டி சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே கேமராவில் தோன்றினான். அவ்வளவுதான், கட்டம் கட்டமாக முகங்கள் முளைத்தன. தனக்கு என்ன பட்டம் என்று ராம்கி சாட்டில் நச்சரித்தான். மொக்கைச்சாமி தன் மாமாவையே பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பேரையும் சொல்லச் சொன்னான். எட்டிப் பார்க்க வந்த முதல்வருக்குக் கல்வி வள்ளல் பட்டம் கிடைத்தது. அவரும் கும்பிட்டபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஞானமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

நடுவில் நாகஜோதி மைக்கைத் திறந்தாள். “சார், ஒரு கட்டுரையத் தொறந்தா காசு கேக்குது. நம்ம லைப்ரரி வழியா சும்மா எடுக்க முடியுமா?”

“இரும்மா, இன்னும் எம்புட்டுப் பேரு பாக்கி இருக்காக. குறுக்க பேசாத” என்று அவள் மைக்கை அணைத்துவிட்டு, அடுத்த பேருக்குப் போனார்.

வகுப்பு முடிந்ததும் முதல்வர் போனில் பாராட்டித் தள்ளினார். இனி நூலக வகுப்பில் யாரும் கை வைக்க முடியாதாம். ஞானமுத்து நிம்மதியாக டீயை வாயருகே கொண்டுபோனார். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளை கேட்டது கேள்வியல்லவா!

டீயை அப்படியே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். நாகஜோதி போயிருந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மொக்கைச்சாமியின் செய்தி மட்டும் வந்திருந்தது:

“சார், அடுத்த வாரம் எங்க அத்தையும் வாராக. அவுக பேரையும் சேத்துக்கோங்க.”