கோமுகம் வைத்த குளியலறை

வெள்ளைத் தொட்டியின் விளிம்பில் ஒரு கை, ஈரம் சொட்டும் கை, இரண்டு பச்சை வளையல்கள், சன்னலுக்கு வெளியே மேகம், தொட்டிக்கு நான்கு சிங்கக் கால்கள், சுவரைச் சாராமல் அறையின் நடுவே அது தனித்து நிற்கிறது, கருவறையில் திருமேனி நிற்பதுபோல, அந்தக் கை என் மனைவி தையல்நாயகியின் கை என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன், மணமான புதிதில் கொடைக்கானலில் ஒரு பழைய பங்களா, வெள்ளைக்காரன் விட்டுப்போன தொட்டி, அவள் அதற்குள் இறங்கிச் சிரித்தாள், என் காதால் கேட்டேன், அந்தச் சிரிப்பை நம்பித்தான் மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையறையை இடித்து அதே போன்ற குளியலறை ஒன்றைக் கட்ட இறங்கினேன், வரைபடத்தை அவள்முன் விரித்துத் தொட்டியைக் காட்டியபோது, நாம எங்க மலைக்குப் போனோம், நீங்க காலேஜ் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போனீங்க, நான் பெரியவளை வயித்துல சுமந்துக்கிட்டு எங்கம்மா வீட்ல கெடந்தேன், அங்க எவளைப் பாத்தீங்களோ போங்க என்கிறாள், திகைத்துப்போகிறேன், அப்படியானால் அந்தக் கை யாருடையது, அந்தப் பயணம் முழுவதும் அவளையே நினைத்துக்கொண்டிருந்தேனே, நினைவு அவளை அங்கே அழைத்துவந்து நீரில் இறக்கிவிட்டதா, அல்லது கனவா, தெரியவில்லை, ஆனால் சுவர் இடிபட்டுவிட்டது.

முடக்குவாதம் அவள் விரல்களைக் கோணலாக்கிவிட்டது, சொம்பைத் தலைக்குமேல் தூக்க முடிவதில்லை, நாள்தோறும் கழுத்தளவு வெந்நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும் என்று மருத்துவர் சொன்னார், துணை என்றதுமே அவள் முகம் கறுத்துவிட்டது, எம்மேல இன்னொருத்தி கை படறதா, வேணாம், நான் இருக்கிறேனே என்றேன், வெக்கமால்ல, கெழவனுக்கு ஆசையப் பாரு என்றாள், அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மூன்று பிள்ளைகள் பிறந்தும் அவள் முதுகை நான் வெளிச்சத்தில் கண்டதில்லை, இப்போது ஐப்பசி, எல்லா நதிகளும் தம் அழுக்கைக் கரைக்கக் காவிரிக்கு வருகின்ற மாதம், துலாக் கட்டத்தில் ஊரே முழுகி எழுகிறது, என் வீட்டில் ஒருத்தி தலைக்கு நீர் கண்டு ஒரு மாதமாயிற்று, கூந்தலில் எண்ணெய் மக்கிய வாடை, அதை மறைக்க மல்லிகை, கோயிலுக்கு வரமாட்டேன், பக்கத்துல நிக்கறவங்க மூக்கைப் பொத்துவாங்க என்று அறையிலேயே இருந்துவிடுகிறாள்.

ஆகவே அவளுக்காகத்தான் கட்டினேன், அவளுக்காகத்தானா, பித்தளைக் குழாய்கள், கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டமிட்ட தரை, ரசம் உதிர்ந்ததுபோல் புள்ளியிட்ட கண்ணாடி, கடைசல் கால்களோடு தேக்கு அலமாரி, அதில் புழு அரித்த துளைகள், அந்தத் துளைகளும் கருவியால் போட்டவையாம், பழசு மாதிரி புதுசுங்க ஐயா, சத்தியம் பண்ணாலும் யாரும் நம்பமாட்டாங்க என்று கடைக்காரர் பெருமைப்பட்டார், எது மூத்தது எது இளையது என்று அறிய முடியாத ஈசனைப் பாடிப் பாடித் தேய்ந்த நாக்கு என்னுடையது, ஆயினும் அந்த அலமாரியின்முன் மயங்கி நின்றேன், தொட்டியின் நீர் வடக்கே போகவேண்டும் என்றேன், தரையில் ஒரு வாய்க்கால், சுவருக்கு வெளியே பித்தளையில் பசுமுகம், கருவறைக்கு வைப்பதுபோல ஒரு கோமுகம், குழாய் வேலைக்கு வந்த செபஸ்தியான் தலையைச் சொறிந்தார், சாக்கடை தெக்கால இருக்குங்க, வடக்கால விட்டா பக்கத்து வீட்டு மாமரத்துக்கு நெதம் அபிசேகந்தான், பரவால்லியா, பரவாயில்லை என்றேன், மாமரம் ஒன்றும் சொல்லாது என்றேன்.

முதல் நாள் வெந்நீர் நிறைத்து விளக்கும் ஏற்றிவிட்டு அவளை அழைத்தேன், வந்தவள் கதவருகே கைகூப்பிவிட்டாள், தன்னையறியாமல், பிறகு கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவு மேற்கே, தொட்டிக்கு ஏறும் படி கிழக்கே, தெற்கை அலமாரி அடைத்துக்கொண்டது, வாய்க்காலைத் தாண்டினால்தான் நீர், பிரதோஷந்தோறும் கோமுகம்வரை சென்று தாண்டாமல் திரும்பி வலம் வந்த கால்கள் அவளுடையவை, என்னுடையவையும்தான், வரைபடத்தில் கோடு போடும்போது எனக்கு ஏன் தோன்றவில்லை, என்னங்க, கோமுகத்தைத் தாண்டச் சொல்றீங்களா, இது குளிக்கிற எடமா கும்பிடுற எடமா, இதுக்குள்ள நான் எப்படிங்க அழுக்குத் தேய்ப்பேன், திரும்பிப் போய் அடுப்படி மூலையில் உட்கார்ந்து ஈரத்துணியால் கழுத்தைத் துடைக்கிறாள், வலியில் துணி நழுவுகிறது, எடுக்கிறாள், நழுவுகிறது, நான் யாரை நீராட்டக் கட்டினேன், இறைவனையா, மலையில் சிரித்த அந்தப் பெண்ணையா, இதோ இங்கே துணியைப் பிடிக்க முடியாதவளை அல்லவா நீராட்ட வேண்டும்.

அப்புறம் நான் செய்ததை எந்த ஆகமமும் ஒப்பாது, விளக்கை எடுத்துவந்து வெளியே வைத்தேன், வேட்டியோடு தொட்டியில் இறங்கினேன், சோப்பைக் குழைத்து உடம்பெல்லாம் தேய்த்தேன், வாய்கொப்பளித்துப் பித்தளைக் குழாயடியிலேயே துப்பினேன், அழுக்குப் பனியனைக் கண்ணாடிமேல் எறிந்தேன், வெளியே ஏறிவந்து நீரை வடித்து மறுபடி நிறைத்தேன், வாய்க்காலின்மேல் கோணிச்சாக்கு ஒன்றைப் போட்டு மிதித்தேன், கடையில் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் மக் ஒன்றை மிதக்கவிட்டேன், நாயகி, இந்தா வந்து பாரு, எல்லாம் எச்சிலாப் போச்சு என்று கத்தினேன், எட்டிப் பார்த்தாள், ஐயய்ய, பூச வேட்டியோடவா, பைத்தியம் முத்திடுச்சு உங்களுக்கு, சொல்லிக்கொண்டே சாக்கில் காலைத் துடைத்தாள், துடைத்த காலை அந்தப் பக்கம் வைத்தாள், நின்றாள், மறு காலும் வந்தது, கண்ண மூடிக்குங்க, தொறந்தீங்க சோறு கெடையாது.

மூடிக்கொண்டேன், நீர் எழும்பி வழிகிற ஓசை, அவளிடமிருந்து ஒரு முனகல், வலியா இதமா தெரியவில்லை, பூசையில் நீர் ஊற்றும்போது பாடிப் பழகிய நாக்கு தானே ஒரு பதிகத்தைத் தொடங்கிவிட்டது, பாடாதீங்க, பயமாருக்கு, நான் சாமி இல்ல, சூடு பாத்து ஊத்துங்க, நிறுத்திவிட்டேன், மூடிய இமைக்குள் வெள்ளைத் தொட்டி, சிங்கக் கால்கள், விளிம்பில் ஒரு கை, மேகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, இது மலையா மாயவரமா, மணமான புதிதா, இன்றா, வளையல் இல்லை, கணுக்கள் வீங்கியபோது வெட்டி எடுத்துவிட்டோம், அந்தக் கை விளிம்பை விடுகிறது, காற்றில் தடவுகிறது, கோணல் விரல்கள் என் மணிக்கட்டைப் பற்றி மக்கோடு சேர்த்து இழுக்கின்றன, அங்க இல்லீங்க, உச்சியில, ஆங், இங்க.